விலைச்சீட்டுக்கு முன்னால் ஒரு விளையாட்டு

கடையில் ஒரு பொருளின் விலையைத் தெரிந்துகொள்வது எளிது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் போதும். ஆனால் அந்த எண் அங்கே எப்படி வந்தது? செய்ய ஆன செலவோடு கொஞ்சம் இலாபத்தைக் கூட்டி எழுதியிருப்பார்கள் என்றுதான் நாம் நினைக்கிறோம். கத்தரிக்காய்க்குக்கூட அது முழு உண்மை அல்ல. சந்தையில் வரத்து மிகுந்தால் விலை இறங்குகிறது, குறைந்தால் ஏறுகிறது.

கத்தரிக்காய் வியாபாரிக்கு ஒரு வசதி உண்டு. காலையில் சொன்ன விலைக்கு ஆள் வரவில்லை என்றால் மாலையில் குறைத்துக்கொள்வார். புதிதாக ஒரு மின்னணுக் கருவியைக் கொண்டுவரும் நிறுவனத்துக்கு அந்த வசதி இல்லை. ஒரு கருவிகூட விற்பனையாகாத நிலையில், பல வாரங்களுக்கு முன்பே, உலகமறிய விலையைச் சொல்லியாக வேண்டும். போட்டி நிறுவனமும் அதேபோல் ஒரு கருவியைச் செய்துகொண்டிருக்கிறது. அதன் விலை என்னவாக இருக்கும் என்பது தெரியாது. ஊகம் தவறினால் நட்டம் கோடிக்கணக்கில் போகும்.

இதை விளங்கிக்கொள்ள ஏற்ற எடுத்துக்காட்டு, கையில் வைத்து ஆடும் வீடியோ விளையாட்டுக் கருவிகள். 1989, 2004, 2011 ஆகிய ஆண்டுகளில் இந்தக் கருவிகளுக்கிடையே மூன்று பெரும் போட்டிகள் நடந்தன. மூன்றிலும் விலை வேறுவேறு விதமாக வேலை செய்தது. எப்படி என்று பார்ப்போமா?

சுற்றிச் சுற்றி வரும் கணக்கு

முதலில் ஒரு சிறு கணக்கு. ஒரு நிறுவனம் புதிய கருவியை வடிவமைக்கவும், அதற்கான அச்சுகளையும் இயந்திரங்களையும் அமைக்கவும் 100 கோடி ரூபாய் செலவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இது ஒரே தடவை ஆகும் செலவு. அதன் பிறகு ஒவ்வொரு கருவிக்கும் பாகங்கள், கூலி எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய் ஆகிறது. அப்படியானால் ஒரு கருவியின் அடக்கவிலை என்ன?

1 இலட்சம் கருவிகள் விற்றால், 100 கோடியில் ஒவ்வொன்றின் பங்கும் 10,000 ரூபாய். அடக்கவிலை 14,000 ரூபாய். 10 இலட்சம் விற்றால் பங்கு 1,000 ரூபாய்தான், அடக்கவிலை 5,000. ஒரு கோடி விற்றால் 4,100 ரூபாயே போதும்.

ஆக, எத்தனை விற்கும் என்று தெரிந்தால்தான் அடக்கவிலை தெரியும். அடக்கவிலை தெரிந்தால்தான் விற்பனை விலையை முடிவு செய்யலாம். ஆனால் விற்பனை விலை தெரிந்தால்தானே எத்தனை விற்கும் என்று சொல்ல முடியும்! செக்குமாடு போல் கணக்கு தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கிறது.

இதில் இன்னும் இரண்டு சிக்கல்கள் உள்ளன. ஒன்று, சிலிகான் சில்லுகளின் இயல்பு. வட்டமான ஒரு சிலிகான் தகட்டில் நூற்றுக்கணக்கான சில்லுகளை ஒரே சமயத்தில் உருவாக்குகிறார்கள். தொடக்கத்தில் அவற்றில் பல பழுதாகிவிடும். அனுபவம் கூடக்கூட நல்ல சில்லுகளின் எண்ணிக்கை பெருகும். ஒன்றின் விலை இறங்கும். ஆகவே இன்று நட்டமாகத் தோன்றும் விலை, இரண்டு ஆண்டுகள் கழித்து இலாபமாக மாறக்கூடும்.

மற்றொன்று, கருவியை மட்டும் வாங்கி யாரும் ஆட முடியாது. விளையாட்டுகளைத் தனியே வாங்க வேண்டும். பிற நிறுவனங்கள் விற்கும் விளையாட்டுகளிலிருந்தும் கருவியைச் செய்த நிறுவனத்துக்கு ஒரு பங்கு கிடைக்கும். எனவே கருவியை நட்டத்துக்குக் கொடுத்துவிட்டு, விளையாட்டுகளில் அதை மீட்டுக்கொள்ளலாம் என்றும் கணக்குப் போடலாம். ஆனால் கருவி பரவாவிட்டால் விளையாட்டும் விற்காது, இரண்டிலும் நட்டம்தான்.

1989: மங்கலான திரையின் வெற்றி

ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனத்தில் குன்பெய் யொகோய் என்ற பொறியாளர் இருந்தார். புத்தம்புதிய தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடக் கூடாது என்பது அவருடைய கொள்கை. நன்றாகப் பழகி, விலை மலிந்துபோன தொழில்நுட்பத்தை எடுத்து, யாரும் நினைக்காத வழியில் பயன்படுத்த வேண்டும் என்பார். 1970களில் கால்குலேட்டர் நிறுவனங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டதில் திரவப் படிகத் திரைகள் மலிந்திருந்தன. அவற்றைக் கொண்டே 1980இல் 'கேம் அண்ட் வாட்ச்' என்ற சிறு விளையாட்டுக் கருவிகளை அவர் உருவாக்கினார்.

1989 ஏப்ரலில் அவருடைய குழுவின் 'கேம் பாய்' ஜப்பானில் 12,500 யென்னுக்கு வந்தது. அமெரிக்காவில் விலை சுமார் 90 டாலர். அதன் திரையில் நிறங்கள் இல்லை. மங்கிய பச்சையில் நான்கு அழுத்தங்கள் மட்டுமே. அதே ஆண்டில் அமெரிக்க நிறுவனமான அட்டாரி 'லின்க்ஸ்' என்ற கருவியைக் கொண்டுவந்தது. வண்ணத் திரவப் படிகத் திரையுடன் வந்த முதல் கையடக்கக் கருவி அதுதான். விலை சுமார் 180 டாலர். ஜப்பானின் சேகா நிறுவனம் 1990இல் 'கேம் கியர்' என்ற வண்ணக் கருவியை வெளியிட்டது. 1991இல் அமெரிக்காவுக்கு வந்தபோது அதன் விலை சுமார் 150 டாலர்.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கேம் பாய் ஏழையாகத்தான் தெரியும். ஆனால் திரைக்குப் பின்னால் உள்ள இயற்பியலைப் பாருங்கள்.

திரவப் படிகம் தானாக ஒளி வீசுவதில்லை. தன் வழியே வரும் ஒளியை விடுகிறது அல்லது தடுக்கிறது, அவ்வளவுதான். அதற்கு மிகக் குறைந்த மின்சாரம் போதும். கேம் பாயின் திரை, அறையில் உள்ள ஒளியைத் திருப்பி அனுப்பியே படத்தைக் காட்டியது. வண்ணத் திரைக்கு அது போதாது. ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னால் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் உண்டு. ஒவ்வொரு வடிகட்டியும் தன் நிறத்தை மட்டும் விட்டு, ஒளியின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அந்த இழப்பை ஈடுசெய்யத் திரைக்குப் பின்னால் ஒரு சிறு ஒளிர்குழல் எப்போதும் எரிந்துகொண்டிருக்க வேண்டும். மின்சாரத்தைக் குடிப்பது அதுதான்.

கேம் பாய் 4 சிறு மின்கலங்களில் சுமார் 15 மணி நேரம் ஓடியது. லின்க்ஸும் கேம் கியரும் 6 மின்கலங்களில் சுமார் 4 மணி நேரமே ஓடின. ஒரு சிறுவன் மொத்தம் 60 மணி நேரம் ஆடுகிறான் என்று கொள்வோம். கேம் பாய்க்கு 16 மின்கலங்கள் தேவை. மற்றவற்றுக்கு 90 மின்கலங்கள்! மின்கலம் ஒன்று ஒரு டாலர் என்று கணக்கிற்காக வைத்துக்கொண்டால், கேம் பாய்க்கு ஆகும் மொத்தச் செலவு 106 டாலர், கேம் கியருக்கு 240, லின்க்ஸுக்கு 270. பெட்டியின் மேல் எழுதியிருந்த வித்தியாசத்தைவிட உண்மையான வித்தியாசம் மிகப் பெரியது.

அமெரிக்காவில் கேம் பாயுடன் 'டெட்ரிஸ்' என்ற விளையாட்டையும் சேர்த்தே கொடுத்தார்கள். மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் 1984இல் உருவாக்கிய விளையாட்டு அது. விழுகின்ற கட்டங்களை அடுக்குவதற்கு வண்ணம் கட்டாயமில்லை. கேம் பாயும் பின்னர் வந்த அதன் வண்ண வடிவமும் சேர்ந்து 11 கோடிக்கும் மேல் விற்றன. கேம் கியர் ஒரு கோடியளவில் நின்றது. லின்க்ஸ் அதற்கும் வெகு கீழே. பெட்டியில் எழுதிய விலை வேறு, ஆடுபவர் கொடுக்கும் விலை வேறு என்பது இந்தப் போட்டி தந்த பாடம்.

2004: யார் முதலில் வாய் திறப்பது?

அடுத்த பெரும் போட்டி 2004இல் நடந்தது. தொலைக்காட்சியோடு இணைக்கும் விளையாட்டுப் பெட்டிகளில் வெற்றி கண்டிருந்த சோனி நிறுவனம், கையடக்கக் கருவியிலும் இறங்கியது. அதன் 'பிஎஸ்பி' கருவிக்கு 4.3 அங்குல அகலத் திரை. படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம். நிண்டெண்டோவின் 'டிஎஸ்' கருவிக்கு இரண்டு சிறு திரைகள். கீழ்த்திரையைத் தொட்டு ஆடலாம். வேகத்தில் பிஎஸ்பியே முந்தியிருந்தது. 2004 மே மாதம் லாஸ் ஏஞ்சலிஸ் கண்காட்சியில் இரண்டையும் மக்கள் பார்த்துவிட்டார்கள். ஆனால் இரண்டின் விலையும் வெளியாகவில்லை.

ஏன் இந்த மௌனம்? முதலில் விலையைச் சொல்பவர் தன் சீட்டைக் கவிழ்த்துக் காட்டிவிடுகிறார். எதிராளி அதைப் பார்த்துச் சற்றுக் குறைத்துச் சொல்லலாம். ஆனால் காத்திருப்பதிலும் ஆபத்து உண்டு. முதலில் சொன்ன விலையே மக்கள் மனத்தில் அளவுகோலாக அமைந்துவிடும். பிறகு வருபவரின் விலையை அதோடு ஒப்பிட்டே 'அதிகம்', 'குறைவு' என்பார்கள்.

நிண்டெண்டோ செப்டம்பரில் முந்திக்கொண்டது. அமெரிக்காவில் சுமார் 150 டாலர். ஜப்பானில் 15,000 யென். சோனி அக்டோபர் இறுதியில் ஜப்பானிய விலையை அறிவித்தது. வரி நீங்கலாக 19,800 யென். வித்தியாசம் 5,000 யென் அளவுக்குள் சுருங்கியிருந்தது. ஜப்பானில் டிஎஸ் டிசம்பர் 2ஆம் நாளும், பிஎஸ்பி டிசம்பர் 12ஆம் நாளும் கடைக்கு வந்தன. அமெரிக்காவுக்கு பிஎஸ்பி 2005 மார்ச்சில் வந்தது. அங்கே அதன் விலை சுமார் 250 டாலர். டிஎஸ்ஸைவிட 100 டாலர் அதிகம். ஆனால் நினைவட்டை, காதொலிப்பான் போன்றவற்றைச் சேர்த்து ஒரே பெட்டியாகக் கொடுத்தார்கள்.

முடிவு என்ன? டிஎஸ் மொத்தம் 15 கோடிக்கும் மேல் விற்றது. பிஎஸ்பியும் 7 கோடிக்கும் மேல் விற்றது. 100 டாலர் வித்தியாசம் இருந்தும் இரண்டும் பிழைத்தது எப்படி? இதற்கு விடை கணிதத்தில் இருக்கிறது.

ஆட்டக் கோட்பாடு

ஒருவர் எடுக்கும் முடிவின் பலன் மற்றவர் எடுக்கும் முடிவையும் பொறுத்திருந்தால், அதை ஓர் ஆட்டம் போலக் கருதி ஆராயலாம். இந்தக் கணிதப் பிரிவுக்கு ஆட்டக் கோட்பாடு என்று பெயர். ஜான் வான் நாய்மன், ஆஸ்கர் மார்கென்ஸ்டெர்ன் ஆகிய இருவரும் 1944இல் இதுபற்றி எழுதிய நூல் புகழ்பெற்றது.

ஒரே மாதிரியான கருவியைச் செய்யும் இரண்டு நிறுவனங்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் விலையை உயர்வாகவோ தாழ்வாகவோ வைக்கலாம். இருவரும் உயர்வாக வைத்தால் ஆளுக்கு 6 கோடி இலாபம். இருவரும் தாழ்வாக வைத்தால் ஆளுக்கு 4 கோடி. ஒருவர் மட்டும் தாழ்த்தினால் வாடிக்கையாளர்கள் அவரிடம் ஓடுவார்கள். அவருக்கு 8 கோடி, மற்றவருக்கு 1 கோடி.

நீங்கள் முதல் நிறுவனம் என்றால் என்ன செய்வீர்கள்? எதிராளி உயர்வாக வைத்தால், நீங்கள் தாழ்த்துவதால் 6க்குப் பதில் 8 கிடைக்கும். எதிராளி தாழ்த்தினால், நீங்களும் தாழ்த்துவதால் 1க்குப் பதில் 4 கிடைக்கும். எப்படிப் பார்த்தாலும் தாழ்த்துவதே நல்லது. எதிராளியும் இப்படியே சிந்திப்பார். முடிவில் இருவரும் தாழ்த்தி ஆளுக்கு 4 கோடி பெறுகிறார்கள். சேர்ந்து உயர்த்தியிருந்தால் 6 கோடி கிடைத்திருக்கும்! ஆனால் போட்டியாளர்கள் இரகசியமாகப் பேசி விலையை உயர்த்துவது பல நாடுகளில் சட்டப்படி குற்றம். அந்தக் குற்றத்தால் நட்டப்படுபவர்கள் வாங்கும் நாம்தான்.

இந்தக் கணக்கில் 'ஒரே மாதிரியான கருவி' என்று சொன்னோம் அல்லவா? முடிச்சு அங்கேதான் இருக்கிறது. டிஎஸ்ஸும் பிஎஸ்பியும் ஒரே மாதிரி இல்லை. நாய்க்குட்டி வளர்ப்பது, மூளைக்குப் பயிற்சி தருவது போன்ற டிஎஸ் விளையாட்டுகள், அதுவரை விளையாட்டுக் கருவியையே தொடாத பெரியவர்களையும் இழுத்தன. பெரிய திரையில் வேகமான விளையாட்டை விரும்பியவர்கள் பிஎஸ்பியை வாங்கினார்கள். பொருள்கள் வேறுபட்டால் விலையும் வேறுபட்டு நிற்க முடியும். பொருள்கள் நெருங்கினால் விலைப்போர் மூளும்.

2011: ஒரே விலையில் இரண்டு கருவிகள்

2010 ஜூனில் நிண்டெண்டோ '3டிஎஸ்' என்ற கருவியைக் கண்காட்சியில் காட்டியது. கண்ணாடி அணியாமலே முப்பரிமாணத்தில் படம் தெரியும். நம் இரண்டு கண்களும் சுமார் 6 செ.மீ. இடைவெளியில் இருப்பதால், ஒவ்வொன்றும் சற்று வேறான காட்சியைக் காண்கிறது. மூளை அவற்றை இணைத்து ஆழத்தை உணர்கிறது. 3டிஎஸ்ஸில் படத்தின் முன் செங்குத்தான நுண்ணிய இடைவெளிகள் கொண்ட ஒரு தடுப்பு உண்டு. அதன் வழியே வலக்கண்ணுக்குச் சில புள்ளி வரிசைகளும் இடக்கண்ணுக்கு மற்ற வரிசைகளும் மட்டும் தெரியும்.

கண்காட்சிக்கு வந்தவர்கள் வியந்தார்கள். 2011 பிப்ரவரி 26இல் ஜப்பானில் 25,000 யென்னுக்கும், மார்ச்சில் அமெரிக்காவில் சுமார் 250 டாலருக்கும் கருவி விற்பனைக்கு வந்தது. மார்ச் இறுதிக்குள் 36 இலட்சம் கருவிகள் போயின. அடுத்த மூன்று மாதங்களில் போனவை 7 இலட்சத்துச் சொச்சம் மட்டுமே! புதுமையை முதலில் வாங்க நினைத்தவர்கள் வாங்கி முடித்துவிட்டார்கள். குழந்தைக்கு வாங்கித் தரும் பெற்றோர் விலையைப் பார்த்துத் தயங்கினார்கள். கண்காட்சியில் வரிசையில் நின்று பார்ப்பவரும், கடையில் பணம் எண்ணிக் கொடுப்பவரும் ஒரே ஆள் அல்ல.

இந்த நேரத்தில், 2011 ஜூனில், சோனி தன் அடுத்த கருவியான 'வீட்டா'வின் விலையை அறிவித்தது. 5 அங்குலத் திரை, பின்புறத்திலும் தொடு பரப்பு, பல மடங்கு ஆற்றல் ஆகிய அனைத்தும் இருந்தும் விலை அதே 250 டாலர்தான். ஜப்பானில் 24,980 யென். 3டிஎஸ்ஸைவிட 20 யென் குறைவு! வீட்டா கடைக்கு வர இன்னும் ஆறு மாதங்கள் இருந்தன. ஆயினும் அந்த எண் மட்டும் முன்கூட்டியே வந்து 3டிஎஸ்ஸின் பக்கத்தில் நின்றுகொண்டது.

ஜூலை 28இல் நிண்டெண்டோ விலைக்குறைப்பை அறிவித்தது. அமெரிக்காவில் சுமார் 250 டாலரிலிருந்து 170 டாலர். ஜப்பானில் 25,000 யென்னிலிருந்து 15,000 யென். அதாவது 40 சதவீதக் குறைப்பு. கருவி வெளிவந்து ஐந்தே மாதங்கள் ஆகியிருந்தன. முதலிலேயே அதிக விலை கொடுத்து வாங்கியவர்களைச் சமாதானப்படுத்த 20 பழைய விளையாட்டுகளை இலவசமாகக் கொடுத்தார்கள். நிறுவனத் தலைவர் சத்தோரு இவாத்தா தம் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். கருவியை அடக்கவிலைக்கும் கீழே விற்க வேண்டியதாயிற்று. இதோடு யென்னின் மதிப்பு உயர்ந்ததும் சேர்ந்துகொள்ள, 2012 மார்ச்சில் முடிந்த ஆண்டில் நிண்டெண்டோ 4,320 கோடி யென் நட்டம் கண்டது. சுமார் 30 ஆண்டுகளில் அதற்கு அதுவே முதல் ஆண்டு நட்டம்.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. குறைந்த விலையும், ஆண்டு இறுதியில் வந்த 'மாரியோ' விளையாட்டுகளும் சேர்ந்து 3டிஎஸ்ஸைத் தூக்கி நிறுத்தின. மொத்தம் 7.5 கோடிக்கும் மேல் விற்றது. 2011 டிசம்பரில் வந்த வீட்டா அதன் அருகேகூட வரவில்லை. அதற்கென்று தனி வகை நினைவட்டை வாங்க வேண்டும். அமெரிக்காவில் 32 ஜிகாபைட் அட்டை ஒன்றே சுமார் 100 டாலர். 250 டாலர் என்று எழுதிய கருவி, கைக்கு வரும்போது 350 டாலர் ஆகிவிடலாம். 1989இன் மின்கலக் கணக்கு நினைவுக்கு வருகிறது அல்லவா?

கணக்கில் வராத போட்டியாளர்

இருவரும் ஒருவரையொருவர் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மூன்றாவது ஆள் ஒருவர் ஏற்கெனவே எல்லோருடைய சட்டைப் பையிலும் புகுந்திருந்தார். கைப்பேசிதான் அது. 2008 முதல் கைப்பேசியில் ஒரு டாலருக்கும் இலவசமாகவும் விளையாட்டுகள் கிடைக்கத் தொடங்கின. கைப்பேசியை மக்கள் எப்படியும் வாங்குகிறார்கள். ஆகவே விளையாட்டுக் கருவியாக அதன் கூடுதல் விலை சுழி. எந்தக் கண்காட்சியிலும் விலை அறிவிக்காமலே அது போட்டியில் கலந்துகொண்டது.

விலையை மாற்றும் காரணங்கள் சில சமயம் ஆட்டக்களத்துக்கு வெளியிலிருந்தும் வரும். 2025 ஏப்ரலில் நிண்டெண்டோ தன் 'ஸ்விட்ச் 2' கருவியின் விலையைச் சுமார் 450 டாலர் என்று அறிவித்த அதே நாளில், அமெரிக்க அரசு புதிய இறக்குமதி வரிகளை அறிவித்தது. முன்பதிவையே சில வாரங்கள் தள்ளிப்போட்டார்கள். கருவியின் விலையை மாற்றவில்லை. துணைக்கருவிகள் சிலவற்றின் விலையை உயர்த்தினார்கள்.

நீங்களே ஆடிப் பாருங்கள்

ஆட்டக் கோட்பாட்டைச் சோதிக்க இரண்டு நண்பர்களும் சில காகிதத் துண்டுகளும் போதும். ஒவ்வொருவரும் மற்றவருக்குத் தெரியாமல் 'உயர்வு' அல்லது 'தாழ்வு' என்று எழுதி, ஒரே சமயத்தில் பிரிக்க வேண்டும். இருவரும் உயர்வு என்றால் ஆளுக்கு 6 புள்ளிகள்; இருவரும் தாழ்வு என்றால் ஆளுக்கு 4; ஒருவர் மட்டும் தாழ்வு என்றால் அவருக்கு 8, மற்றவருக்கு 1. ஒரே ஒரு முறை ஆடிப் பாருங்கள். பிறகு அதே நண்பருடன் 20 முறை தொடர்ந்து ஆடுங்கள். ஒரு முறை ஆடும்போது எடுக்கும் முடிவும், நாளைக்கும் இவரோடு ஆட வேண்டும் என்று தெரிந்து எடுக்கும் முடிவும் ஒன்றாக இருக்கின்றனவா? புள்ளிகளைக் குறித்து வைத்து ஒப்பிடுங்கள்.

அடுத்த முறை புதிய கருவி ஒன்றின் விலை நாளேட்டில் வந்தால், மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இதை ஓட்டுவதற்கு இன்னும் எவ்வளவு செலவாகும்? இதைப் போன்ற வேறொன்று எந்த விலைக்கு வரப்போகிறது? இதன் வேலையைச் செய்யக்கூடிய பொருள் ஏதேனும் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதா? பெட்டியின் மேல் அந்த எண்ணை அச்சிட்டவர்களும் இதே கேள்விகளுக்குத்தான் விடை தேடினார்கள். அவர்கள் கடை திறப்பதற்கு முன் ஊகிக்க வேண்டியிருந்தது. நாம் கடைக்குப் போகுமுன் கணக்கிட்டுப் பார்க்கலாம்.